துடிப்புக் கணக்கு: சேலத்துக் கால்பந்துப் பையன்கள்

மார்ச் 2
14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இன்று இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை. உள்பக்க ரப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் கட்ட வேண்டும்; காய்ந்திருந்தால் வியர்க்கும்வரை எண் தாறுமாறாக வரும். நெஞ்செலும்பின் கீழ்முனை மட்டத்தில், இழுத்து மூச்சு வாங்கினாலும் நழுவாத இறுக்கம். ஒல்லிப் பையன்களுக்குச் சிறிய அளவுப் பட்டையே சரி. வார்ம்-அப்பிலேயே நிமிடத்துக்கு 230 துடிப்பு காட்டினால் பெரும்பாலும் பட்டை தொளதொளப்பு, அல்லது பாலியஸ்டர் ஜெர்சி உரசும் உரசல். விரலால் நாடி பார்த்து உறுதி செய்யவும். நாடியும் அப்படியே ஓடினாலோ, தலைசுற்றல், நெஞ்சுவலி என்றாலோ, பயிற்சி அன்றோடு நிறுத்தம், அடுத்தது டாக்டர்.

மார்ச் 5
உச்சத் துடிப்பு காண 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரத்தைப் பையன்களிடம் நம்ப வேண்டாம். வளரும் வயதில் உச்சத் துடிப்பு வயதோடு அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு 190, பக்கத்தில் இருப்பவனுக்கு 210 இருக்கலாம். ஓடவைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யோ-யோ டெஸ்ட்: 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப, பிறகு 5 மீட்டர் கோனைச் சுற்றி 10 விநாடி மெல்ல நடை, பீப் ஒலி வேகமாகிக்கொண்டே போகும். தாக்குப்பிடிக்க முடியாமல் நிற்கும்வரை வந்த மிகப் பெரிய எண்தான் அவனுடைய உச்சம். சளி, காய்ச்சலில் இருப்பவனை ஓடவிடக் கூடாது.

மார்ச் 9
அடிக்கடி செய்ய வேண்டியது முழு டெஸ்ட் அல்ல. அதே யோ-யோவை 6-வது நிமிடத்தில் நிறுத்திவிடுவது. நிறுத்திய கணத்துத் துடிப்பு, நின்றபடியே 60 விநாடி கழித்துத் துடிப்பு, இரண்டையும் குறிக்கவும். உச்சம் 204 உள்ளவனுக்கு 184 என்றால் 90%. சில வாரத்தில் அது 176 ஆனால், அதாவது 86%, உடம்பு தேறியிருக்கிறது. இரண்டு மூன்று துடிப்பு கூடக்குறைய வருவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒருமுறை உட்காரவைத்து, அடுத்தமுறை நிற்கவைத்தால், 60 விநாடியில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்ற கணக்கே பொய்.

மார்ச் 23
வெயில் ஏறிவிட்டது. காலை 6:30 எண்ணையும் மாலை 4 மணி எண்ணையும் ஒப்பிடாதீர்கள். சூட்டில் ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் வெளியேறுகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கத்தான் செய்யும். தூக்கம் கெட்டாலும் இப்படித்தான். பையன் தளர்ந்துவிட்டான் என்று எழுதுமுன் நேற்றிரவு எப்போது படுத்தான் என்று கேளுங்கள்.

ஏப்ரல் 6
4 நிமிடம் வீதம் 4 சுற்று ஓட்டம், துடிப்பு உச்சத்தில் 90–95%, நடுவே 3 நிமிடம் மெல்லோட்டம். ஆய்வாளர் ஹெல்கெருட் குழு 2001-இல் நார்வே ஜூனியர் ஆட்டக்காரர்களிடம் வாரம் இருமுறை, 8 வாரம் செய்து பார்த்த முறை இது. வெறும் ஓட்டமாக வைத்தால் பையன்கள் சலித்துவிடுவார்கள்; மூவருக்கு மூவர் ஆட்டத்திலும் அந்த எண்ணைத் தொடலாம். பந்து வெளியே போனதும் இன்னொன்றை உடனே போடவேண்டும், இல்லையேல் துடிப்பு இறங்கிவிடும். சுற்றின் முதல் நிமிடத்து எண்ணைப் பார்த்துக் கத்த வேண்டாம்: துடிப்பு ஏற நேரம் பிடிக்கும். இதனாலேயே 5 விநாடி ஸ்பிரிண்டை அளக்க இந்தப் பட்டை உதவாது, அதற்கு ஸ்டாப்வாட்ச் போதும்.

மே 4
ஏற்காட்டில் முகாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். குளிர்ச்சி துடிப்பைக் குறைக்கும், மெல்லிய காற்று சற்றுக் கூட்டும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. எனவே மலையில் எடுத்த எண்களுக்குத் தனிப் பக்கம். சேலம் பக்கத்தில் சேர்க்க வேண்டாம்.