சொன்னதையே எத்தனை பேரிடம் சொல்வது?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் துணையாகப் போவது என் வேலை. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், காப்பகம் என்று அவர்கள் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் கூடவே போவேன். பெரும்பாலும் பெண்கள்தான் வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள், அவர்களை எங்கே அனுப்புவது என்பதே பல இடங்களில் இன்னும் தெளிவாகவில்லை. இந்தத் துறைகளில் அக்கறையுள்ளவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஒருவர் பொறுப்பு முடிந்து அடுத்தவர் பொறுப்பு தொடங்குகிற இடத்தில்தான் பாதிக்கப்பட்டவர் தனியாக விடப்படுகிறார்.

முதல் சில மணி நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு, அதிலும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். விசாரணை அதிகாரிக்குச் சம்பவ இடம் கலையக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கோ குளித்துவிட்டு எங்காவது சுருண்டு படுத்தால் போதும் என்றிருக்கும். எல்லாமே நியாயம்தான். ஆனால் எது முதலில் என்பதை அவர் காது கேட்க வராந்தாவில் நின்று முடிவு செய்யக் கூடாது. அதை முன்னாடியே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். காவல் நிலையத்துக்கு வந்ததும் அவர் தண்ணீர் கேட்பார், அல்லது கழிப்பறை எங்கே என்பார். வாய்வழி வன்முறை நடந்திருந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன் வாயிலிருந்து பரிசோதனைக்கான மாதிரியை எடுத்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரைப் பிடித்து வைக்க வேண்டும், சில மருந்துகள் அரை நாளுக்குள் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். இது மருத்துவருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் வாசலில் பணியில் இருக்கும் காவலர். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு மாதிரிக் குப்பியும் கொடுத்து வைத்தால், "மருத்துவர் வரும்வரை எதையும் தொடாதீர்கள்" என்று தாகத்தோடு ஒருவரை மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியதில்லை. உடைகளும் அப்படித்தான். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் தடயம் கெட்டுவிடும், உலர்த்திக் காகிதப் பையில் போட வேண்டும். அப்புறம், உடையை வாங்கிக்கொண்டால் மாற்றுடை யார் தருவது? அதற்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். வரவேற்பு மேசையில் ஒருமுறை, செவிலியரிடம் ஒருமுறை, மருத்துவரிடம், காவலரிடம், மேலதிகாரியிடம், அப்புறம் ஆலோசகரிடம். அதிர்ச்சியில் இருப்பவரின் நினைவு வரிசையாக வராது. மருத்துவரிடம் சொன்னதற்கும் காவலரிடம் சொன்னதற்கும் ஓரிரு வித்தியாசம் இருந்தால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் சிகிச்சைக்கும் மாதிரி எடுக்கவும் தேவையானதை மட்டும் மருத்துவர் கேட்பது, முழு விவரத்தையும் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்வது என்று பிரித்துக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்காக ஐஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய மையத்தில் இதைத்தான் செய்தார்கள். ஒருவர் குழந்தையிடம் பேசுவார், மற்ற துறையினர் வேறு அறையிலிருந்து பார்ப்பார்கள். பிரிட்டனின் மான்செஸ்டரில் 1986இலேயே மருத்துவமும் தடயப் பரிசோதனையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்தார்கள். ஆனால் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. பக்கத்து அறையில் இருப்பவருக்கே தகவல் போகாத இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லாத் தகவலும் எல்லோருக்கும் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார்: "நாமெல்லாம் ஒரே பக்கம்தானே மேடம், பாதிக்கப்பட்டவர் உங்களிடம் சொன்னதை எங்களிடம் சொன்னால் என்ன?" ஒரே பக்கம்தான். ஆனால் அது கோப்பில் ஏறாது என்று நம்பித்தான் அவர் என்னிடம் பேசினார். என்ன பகிரலாம், யாரிடம் பகிரலாம் என்று அவரிடமே கேட்டு, அவர் சரி என்றதை மட்டும் கொண்டுவருவேன் என்றேன். அந்த அதிகாரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் பிற்பாடு தன் வழக்குகளில் வாக்குமூலத்துக்கு முன் என்னை அழைத்துத் துணைக்கு இருக்கச் சொன்னவரும் அவர்தான். "ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வியை அவர் விட்டுவிட்டார். பயத்தில் உடம்பு உறைந்து, குரலே எழும்பாமல் போவது உண்டு என்று கூட்டுப் பயிற்சியில் மருத்துவர் விளக்கியதை அவர் மறக்கவில்லை.

முதல் வாரம் எல்லோரும் ஓடி வருகிறோம். அதற்குப் பிறகுதான் கவலை. ஆய்வக அறிக்கை வரவில்லை, விசாரணைத் தேதி தள்ளிப்போகிறது, பாதிக்கப்பட்டவரை ஒருவரும் அழைப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்ததைத் தெருவில் அவனை நேருக்கு நேர் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். காவல்துறை சொல்லியிருக்கும் என்று வழக்கறிஞரும், வழக்கறிஞர் சொல்லியிருப்பார் என்று காவல்துறையும், இருவரில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று காப்பகமும் நினைத்திருப்பார்கள். ஜாமீன் உத்தரவு வந்த அன்றைக்கே அவரை அழைத்துச் சொல்ல வேண்டியவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார் என்று பெயரும் எண்ணும் எழுதி வைக்கச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.