ஓடாத அனலுக்கும் வாடகை

பணகுடி பக்கம் ஆனி, ஆடியில் பைக்கில் போனால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும், காற்று அந்த அடி அடிக்கும். ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் போன சீசனில் கேட்டார்: “இம்புட்டு காத்தாடி சுத்துதே, பெறவு எதுக்குவே கரண்டு பில்லு குறைய மாட்டேங்கி?” நியாயமான கேள்வி. டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காற்றாலை மின்சாரம் வந்தால் அனல்மின் நிலையத்தைக் குறைத்து ஓட்டலாம், ஆனால் அந்த நிலையத்துக்கு இரண்டு விதக் கட்டணம் உண்டு. ஒன்று எரிக்கிற நிலக்கரிக்கு. எரிக்காவிட்டால் அது கிடையாது. இன்னொன்று நிலையான கட்டணம்: கட்டுவதற்கு வாங்கிய கடனின் வட்டி, தேய்மானம், முதல் போட்டவருக்கு லாபம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இதில் வரும். நிலையம் ஓடத் தயாராக இருந்தாலே போதும், மின்சாரத்தை நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரிதான், பந்திக்கு ஆள் வராவிட்டாலும் வாடகை வாடகைதான். வாரியமே கட்டினாலும் தனியாரிடம் வாங்கினாலும் கணக்கு இதேதான். நிலையம் தன் முழுத் திறனில் 85 சதவீதம் ஓடும் என்று போட்ட கணக்கில் இந்தக் கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் அதில் பாதியானால் அதே தொகை யூனிட்டுக்கு 4 ரூபாயாகிவிடும். ஆக, காற்று அடித்து அனலைக் குறைத்தால் மிச்சமாவது கரிக்காசு மட்டும்தான்.

அந்தக் கரிக்காசும் லேசுப்பட்டதில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட்டில் 5 அலகுகள். முதல் அலகு ஓடத் தொடங்கிய 1979-இல் தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, 1986-இல்தான் பிரிந்து போனது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரி வேண்டும். ஒரே ஒரு அலகு நாள் முழுக்க ஓடினால் 3,500 டன்னுக்கு மேல். அது ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி, இங்கே வந்து இறங்குகிறது. இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பல்தான், அந்தச் சாம்பலுக்கும் சேர்த்துத்தான் ரயில் வாடகையும் கப்பல் வாடகையும் கொடுக்கிறோம்! அப்புறம் அந்தச் சாம்பல், அதைக் கலந்து செய்கிற பிபிசி (PPC) சிமெண்ட் மூட்டைக்குள் போய் நம் வீட்டுச் சுவருக்கு வந்துசேர்வது தனிக்கதை.

இதில் எனக்குப் பிடிபட ரொம்ப நாளான விஷயம் ஒன்று உண்டு. பழைய நிலையத்துக்குக் கட்டுமானக் கடன் சுமை பெரிதாக இருக்காது, ஆனால் எந்திரம் பழசு, கரியை அதிகம் தின்னும். எதை முதலில் ஓட்டுவது என்று முடிவு செய்யும்போது எரிபொருள் செலவை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால் பழையது வரிசையில் பின்னுக்குப் போகும். புதியது கரியைக் குறைவாகத் தின்று முன்னால் நிற்கும், கடனோ தலைக்குமேல் இருக்கும்.

அதற்காக அனலை மொத்தமாக மூடு என்று சொல்கிறவர்கள் கார்த்திகை மாதத்து ராத்திரி ஏழு மணியை நினைத்துப் பார்க்கட்டும். காற்று கிடையாது, வெயில் போயாச்சு, கூடங்குளம் ஒரே சீராகத்தான் ஓடும், நம் சௌகரியத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. என்னைக் கேட்டால், பழைய அனல் அலகுகளைச் செப்பம் செய்து அந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, புதிதாகக் கடன் வாங்குவதானால் பேட்டரிக்கும் காடம்பாறை மாதிரி, மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற நீரேற்று நிலையங்களுக்கும் வாங்கலாம். இதிலும் வில்லங்கம் இருக்கிறது: அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் பாய்லர் குழாய்கள் சீக்கிரம் விட்டுப்போகும், ஒவ்வொரு முறை மூட்டவும் எண்ணெய் எரிக்க வேண்டும், அந்தச் செலவும் நம் தலையில்தான்.

புதிய உடன்குடி அனல்மின் நிலையத்துக்கோ 2017-லேயே ஒப்பந்தம் கொடுத்தாயிற்று, 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். கட்டுமானம் இழுக்க இழுக்க வட்டியும் முதலோடு சேரும். வழக்கமாகப் போடும் 25 வருடக் கணக்கை வைத்தால் அதன் நிலையான கட்டணம் 2050-ஐயும் தாண்டி வரும். அதற்குள் இங்கே இன்னும் எத்தனை காத்தாடி முளைக்குமோ!