ஏர் மேலேதான் நிற்கும்

ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் இறங்கும்போது பாதிக்கு மேல் வந்துவிட்டோம், பின்னால் மனைவி. அடுத்த வளைவு வருவதற்குள் கையால் பிடிக்கிற முன்சக்கர பிரேக்கைப் பிடித்தேன். லீவர் பழுத்த சப்போட்டாவை அழுத்துகிற மாதிரி உள்ளே போய் ஆக்சிலேட்டர் கைப்பிடியைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தால் லீவர் பழையபடி கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது. அந்த அரை மணி நேரம் மனைவி எதுவும் பேசவில்லை.

வண்டி 2008ல் நைனா வாங்கிய பல்சர் 150. இன்ஜினை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பிரேக் ஆயில் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். சர்வீஸ் விட்ட இடங்களில் குறைந்தால் ஊற்றினார்கள், அவ்வளவுதான். சக்கரத்துத் தட்டைக் கவ்வுகிற பேட் தேயத் தேய, ஹேண்டிலில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் தானாக இறங்கும். ஊற்றினால் மட்டம் ஏறுமே தவிர, உள்ளே இருக்கிற பழசு பழசாகவே இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. கிட்டத்தட்ட நான்கு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205லிருந்து 140. மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் பேடை அழுத்துகிற கேலிப்பர் சூடேறி உள்ளே ஆவி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நம் கை பலமெல்லாம் அந்த ஆவியை நசுக்கவே சரியாகிவிடும், பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பாறை நிழலில் பிரேக் திரும்பி வந்த கதை இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். ஆற்காடு ரோட்டு மெடிக்கல் கடையில் பெரிய சிரிஞ்சு ஒன்று, மீன் தொட்டிக்குப் போடுகிற ட்யூப் ஒரு அடி, 8ம் நம்பர் ஸ்பேனர். டப்பா மூடியிலேயே எந்த ஆயில் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து சீல் உடையாத பாட்டில் வாங்கினேன். திறந்து வைத்த பாட்டிலை வாங்கவே கூடாது, அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெட்ரோல் டேங்க் மேல் நனைத்த துணி போட்டுக்கொண்டேன். இந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மூடியைத் திறந்தால் உள்ளே டிகாக்‌ஷன் நிறம், அடியில் சேறு மாதிரி ஒரு படிவு. சிரிஞ்சால் உறிஞ்சி, துடைத்து, புதுசு ஊற்றினேன். எட்டாவது படிக்கிற மகள் லீவர் பிடிக்க வந்தாள். அவள் அழுத்திப் பிடிப்பாள், ஆயில் வெளியே வருகிற கேலிப்பர் நிப்பிளை நான் கால் சுற்று திறப்பேன், ஆயில் ட்யூபில் வரும், நிப்பிளை மூடிய பிறகுதான் அவள் விட வேண்டும். “பா, புடிச்சிருக்கேன்.” “இரு... ம், இப்ப விடு.” வரிசை மாறினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ட்யூபில் முதலில் கறுப்பு, அப்புறம் தேன் நிறம், கடைசியில் தண்ணீர் மாதிரி தெளிவு.

நடுவில் டப்பா ஒருமுறை காலியாகிவிட்டது. கீழேயே பார்த்துக்கொண்டிருந்ததில் மேலே ஊற்ற மறந்துவிட்டேன். டப்பாவிலிருந்து கேலிப்பருக்கு ஆயில் போகிற ஓஸ் முழுக்க ஏர் பிடித்துக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. ஒரு பாட்டில் தீர்ந்து இரண்டாவது வாங்கி, நிப்பிளில் ஒரு குமிழி கூட இல்லாமல் வரும் வரைக்கும் எடுத்தேன். அப்படியும் லீவர் பஞ்சு மாதிரிதான் இருந்தது.

கொணவட்டம் பக்கம் பழைய வண்டிகள் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். போன் செய்தேன். “ஏரு மேலதான் நிக்கும் தம்பி. நீ கீழயே திறந்து உட்டுகினு இருந்தா எப்படி வரும்? மாஸ்டர் சிலிண்டர்ல ஓஸ் சேர்ற போல்ட்டு இருக்குதே, அங்க பாரு” என்றார்.

அதுதான் விஷயம். டப்பாவுக்கு அடியில் லீவர் தள்ளுகிற பகுதிதான் மாஸ்டர் சிலிண்டர். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்ததால் அதில் ஓஸ் சேரும் முனை தூக்கலாக நின்றது, ஏர் அங்கேயே தங்கிவிட்டது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, அந்த முனை டப்பாவைவிடத் தாழ்வாக வரும்படி ஹேண்டிலைத் திருப்பினேன். மூடியைத் திறந்து வைத்து லீவரை நகக்கண் அளவுக்கு மட்டும் தட்டித் தட்டி விட்டோம். டப்பாவின் அடியில் குண்டூசித் துளை ஒன்று உண்டு. அதிலிருந்து கசகசா அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. “வருது பா, வருது!” என்று மகள் டப்பாவுக்குள் தலையை விட்டாள். முழுசாக அழுத்தியிருந்தால் ஆயில் அவள் கண்ணில் பீய்ச்சியிருக்கும், தள்ளி நிற்கச் சொன்னேன். கடைசியாகத் துணி சுற்றி அந்த போல்ட்டையே ஒரு நொடி தளர்த்தி இறுக்கினேன். புஸ் என்று மிச்சமிருந்ததும் வந்துவிட்டது. அதன் செம்பு வாஷர்கள் இரண்டையும் மறுநாள் புதிதாக மாற்றி, திரும்பவும் ஏர் எடுத்தேன்.

அன்று ராத்திரி சைக்கிள் ட்யூப் துண்டால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குமிழிகள் ஓஸ் வழியாக மெல்ல மேலே ஏறும், காலையில் கட்டை அவிழ்த்தால் டப்பாவுக்குள் வந்துவிடும் என்றும் பாய்தான் சொன்னார்.

காலையில் லீவர் பாதி தூரத்திலேயே கல் மாதிரி நின்றது. சர்வீஸ் ரோட்டில் 20 வேகத்தில் நாலைந்து முறை பிடித்துப் பார்த்த பிறகுதான் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஓட்டினேன். ஒரு வேலை பாக்கி. மகள் லீவரை அழுத்தும்போது ஓஸைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், கீழ் முனையருகில் லேசாக உப்புகிறது. 2008ல் வந்த ரப்பர்தானே. புது ஓஸ் சொல்லி வைத்திருக்கிறேன். அதை மாற்றிவிட்டு பாயிடம் ஒருமுறை லீவரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மனைவி பின்னால் உட்காருவாளாம்.