ஒன்பது ஹேசல் மரங்கள்: பிளெண்டரில் ஓர் ஐரிஷ் காடு

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நான் செய்த காட்டின் முதல் படம் ரெண்டர் ஆகி (அதாவது, கணினி ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கி) முடிந்தபோது இரவு மணி ஒன்றரை. நீலமாக ஒளிரும் காளான்கள், காற்றில் மிதக்கும் ஒளிப்பொட்டுகள், முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய ஓக் மரம், அதன் அடியில் சுழி செதுக்கிய கல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ கைப்பேசி விளையாட்டு திறப்பதற்குள் வந்துபோகும் படம் போல இருந்தது. கோப்புக்கு ‘கெல்டிக் மாயவனம்’ என்று பெயர் வைத்திருந்தேன். இதில் கெல்டிக், அதாவது அயர்லாந்து போன்ற நாடுகளின் பழைய மரபு, எங்கே இருக்கிறது என்று மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து தேடினேன். சுழிக்கல் ஒன்றுதான் தேறியது.

அதுவும் தேறவில்லை. அந்தச் சுழி அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக் குன்றில் இருப்பது. அதைக் கட்டியது ஏறத்தாழ கி.மு. 3200-இல். கெல்டிக் மொழி பேசியவர்கள் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. பின்னால் வந்தவர்கள் அந்தக் குன்றைத் தங்கள் தெய்வங்களின் வீடாகக் கதை கட்டிக்கொண்டார்கள் என்பது உண்மை. சுழி அவர்கள் போட்டதல்ல. கல்லை அழித்தேன். காளானையும் அழித்தேன். ஓக் மட்டும் பின்னணிக்குப் போனது.

சரி, ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் செய்வோம் என்று முடிவு செய்தேன். எனக்குப் பிடித்தது செகைஸ் கிணற்றின் கதை. கிணறு என்றதும் உறையும் ராட்டினமும் வைத்துப் பார்க்க வேண்டாம், இது ஊற்று. அதைச் சுற்றி ஒன்பது ஹேசல் மரங்கள். அவற்றின் கொட்டைகள் நீரில் விழும், உள்ளே இருக்கும் சால்மன் மீன் அவற்றைத் தின்னும். அறிவெல்லாம் அந்தக் கொட்டையில் இருந்து மீனுக்குப் போகிறது. (ஐரிஷ் கதைகளின் வீரன் ஃபின் மக்கூல் சிறுவனாக இருந்தபோது மீன் சுடும்போது கட்டைவிரல் சுட்டு, அதை வாயில் வைத்து ஞானம் பெற்றானே, அந்த மீன் இந்த வகையறாதான்.) ஊற்றின் அருகே அதற்கு உரியவனான நெக்டானும் அவனுடைய கிண்ணம் ஏந்துபவர்களும் மட்டுமே போகலாம். அவன் மனைவி போவன் போனாள். அதுவும் இடப்பக்கமாக மூன்று முறை சுற்றினாள். ஊற்று பொங்கி அவளைக் கடல்வரை துரத்தியது; அந்த வெள்ளம்தான் பாய்ன் ஆறு. ஷானன் ஆற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதை உண்டு, ஷினன் என்ற பெண்ணை வைத்து.

நான் எடுத்துக்கொண்டது போவன் வருவதற்கு முந்தைய கணம். ஆள் இல்லை. மரம், நீர், மீன், அவ்வளவுதான்.

முதல் வாரம்: மரம்

பிளெண்டரில் சாப்லிங் ட்ரீ ஜென் என்ற ஆட்-ஆன் (கூடுதல் கருவி) இருக்கிறது. எண்களை மாற்றினால் மரம் வளரும். ஒரு மணி நேரத்தில் அழகான மரம் வந்துவிட்டது. அப்புறம்தான் ஹேசலின் புகைப்படங்களைப் பார்த்தேன். ஹேசலுக்கு ஒற்றை அடிமரம் கிடையாது. தரையிலிருந்தே ஏழெட்டுத் தண்டுகள் புதராக எழும்பும். பட்டை வழவழப்பாக, பழுப்பும் சாம்பலும் கலந்து லேசாக மினுங்கும். நான் செய்தது ஆப்பிள் மரத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. எனவே ஒல்லியாக ஏழு தண்டுகளைத் தனித்தனியே வளர்த்து, அடியை ஒட்டி ஒரே பொருளாக்கினேன். இப்படி மூன்று புதர்கள். மூன்றையும் சுழற்றி, அளவு மாற்றி ஒன்பதாக்கினேன்.

இலையில்தான் நாள் போனது. ஹேசல் இலை கிட்டத்தட்ட வட்டம், நுனி மட்டும் கூர், ஓரம் இரட்டைப் பல். சோம்பேறித்தனமாக ஒரு சதுரத் தகட்டில் இலைப் படத்தை ஒட்டி, மீதியை ஒளிபுகும்படி விட்டேன். ரெண்டரில் புதரின் நடுவே கரித்துண்டு போலக் கறுப்புத் திட்டுகள். ஒளியமைப்பைக் குறை சொல்லி ஒரு மாலையை வீணடித்த பிறகு காரணம் புரிந்தது. பிளெண்டரில் ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் எஞ்சினில் ஓர் ஒளிக்கதிர் எத்தனை ஒளிபுகும் பரப்புகளைத் தாண்டலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமாக அது 8. அடர்ந்த புதரில் எட்டுத் தகடுகளைத் தாண்டிய பிறகும் கதிருக்கு இலை தட்டுப்படவில்லை என்றால் அங்கே கறுப்பு. எல்லையை 32 ஆக்கினால் கறுப்பு போனது, நேரம் ஏறியது. கடைசியில் தகட்டையே இலை வடிவத்துக்கு வெட்டிவிட்டேன். வடிவத்தின் முனைப்புள்ளிகள் கூடினாலும் ரெண்டர் வேகமானது. ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாம்.

அதே வாரத்தில் மடிக்கணினி மூன்று முறை உறைந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் 6 ஜிபி நினைவகம்தான். ஒரே இலையை லட்சம் முறை காட்டினாலும் நினைவகத்தில் ஒரு பிரதிதானே இருக்க வேண்டும் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இலைகளைத் தூவும் ஜியோமெட்ரி நோட்ஸின் (கட்டங்களை இணைத்து வடிவம் உண்டாக்கும் முறை) நடுவில் ஏதோ சோதனைக்குப் போட்ட ‘ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ்’ நோட் அப்படியே கிடந்தது. அது ஒவ்வோர் இலையையும் நினைவகத்தில் தனி இடம் பிடிக்கும் நிஜ மெஷ்ஷாக (வடிவமாக) மாற்றிக்கொண்டிருந்தது. எடுத்தேன், மூச்சு வந்தது, கணினிக்கும் எனக்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்

பின்னணிக்கு கில்லர்னி ஓக் காடுகளின் படங்களை எடுத்துக்கொண்டேன். அயர்லாந்தின் தென்மேற்கில் மழை அதிகம். ஓக் கிளைகளின் மேலேயே பெரணி முளைத்து வரிசையாக நிற்கும், கீழே ஹாலி மரங்கள். நான் பாசிக்கு வழக்கமான தந்திரம் செய்திருந்தேன். பரப்பு மேல்நோக்கி இருக்கும் இடத்தில் மட்டும் பச்சை வரும்படி நார்மலின் (பரப்பு பார்க்கும் திசையின்) இசட் மதிப்பை, மதிப்பை நிறமாக்கும் கலர் ராம்ப்பில் கொடுப்பது. பாறைக்கு அது பொருந்தியது. மரத்துக்குப் பொருந்தவில்லை, கில்லர்னி படங்களில் பாசி அடிமரத்தைச் சுற்றிலும் கம்பளிக் கைச்சட்டை போட்டதுபோல் மூடியிருக்கிறது. ஒழுங்கற்ற திட்டுகள் தரும் ஒரு நாய்ஸ் டெக்ஸ்ச்சரைக் கலந்து எல்லாப் பக்கமும் படர விட்டேன்.

பல படங்களில் ஊதாப்பூ பூத்த புதர்கள் அழகாக இருந்தன. மாதிரி எடுத்து வைக்கவே ஆரம்பித்துவிட்டேன். அது ரோடோடெண்ட்ரான், தோட்ட அழகுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து, இப்போது ஓக் காட்டின் அடிநிலத்தையே நிழலால் மூடி, புதுக் கன்றுகளை வரவிடாமல் செய்யும் செடி. கதைக்காலக் காட்டில் அது நின்றிருந்தால் போவன் வருவதற்கு முன்பே ஹேசல் செத்திருக்கும்.

மாயம் எங்கே?

இவ்வளவும் செய்த பிறகு என்னிடம் இருந்தது நல்ல ஒரு காடு. மாயவனம் இல்லை. காளானைத் திரும்பக் கொண்டுவரலாமா என்றுகூடக் கை துறுதுறுத்தது.

ஊர்ப்பெயர்க் கதைகளைத் தொகுத்த இடைக்கால ஐரிஷ் ஏடுகளின் மொழிபெயர்ப்பைத் திரும்பப் படித்தேன். ஷினன் கதையில் ஒரு வரி இருக்கிறது, முதல் தடவை கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். அந்த ஹேசல் மரங்களில் காய், பூ, இலை மூன்றும் ஒரே நாழிகையில் வெடித்து வருமாம். மூன்றும் ஒரே தூறலாக நீரில் விழுமாம். நீர் ஊதா நிறத்தில் பொங்குமாம்.

நிஜ ஹேசலில் இது நடக்கவே நடக்காது. அதன் ஆண்பூ மஞ்சள் குஞ்சமாகத் தொங்குவது ஜனவரி முதல் மார்ச் வரை, இலையே இல்லாத கிளையில். பெண்பூ மொட்டின் நுனியில் சிவப்பு நூல் எட்டிப் பார்ப்பதுபோல, தேடினால்தான் தெரியும். இலை அதற்குப் பிறகு. கொட்டை முற்றுவது செப்டம்பர், அக்டோபரில். அந்த மரத்தைத் தினம் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். குஞ்சமும் கொட்டையும் ஒரே கிளையில் என்றதும் அவர்களுக்குச் சிலிர்த்திருக்கும். ஒளியும் வேண்டாம், பொடியும் வேண்டாம்.

அன்று இரவே குஞ்சம் செய்தேன். ஏழு சென்டிமீட்டர் நீளம், செதில் செதிலாக, ஒரு வளைகோட்டின் மீது அடுக்கியது. பச்சை உறைக்குள் உட்கார்ந்த கொட்டை, இரண்டும் மூன்றுமாக ஒரே காம்பில். கோடை இலை ஏற்கெனவே இருந்தது. மூன்றையும் ஒரே கிளையில் தூவினேன். பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது உறைக்கும் என்று கேட்டால், பத்தில் ஒருவருக்கு. அந்த ஒருவர் போதும். மற்றவர்களுக்கும் எதோ சரியில்லையே என்ற உறுத்தல் வரும் என்று நம்புகிறேன்.

நீரும் பனியும்

நீர் வளையங்களுக்கு டைனமிக் பெயின்ட், ஒரு பொருள் தொட்ட இடத்தில் இன்னொரு பொருளின் பரப்பை மாற்றும் வசதி. நீர்ப்பரப்பு கான்வாஸ், அதன் வகை ‘வேவ்ஸ்’. விழும் கொட்டைகள் பிரஷ். ஓட்டினேன், ஒன்றும் அசையவில்லை. பரப்புக்கு நான்கே நான்கு முனைகள் இருந்தன. அலை எழும்ப இடமே இல்லை. நன்றாக நுணுக்கிப் பிரித்த பிறகு வளையங்கள் வந்தன.

ஊதா நிறம் கஷ்டம் கொடுத்தது. நீருக்குள் ஊதாவை உறிஞ்சும் நிறமாகக் கொடுத்து ரெண்டர் போட்டேன். பின்னால் வந்து நின்ற மகள், “அப்பா, இது கிரேப் ஜூஸா?” என்றாள். இப்போது ஊதா அலையின் முகட்டில் மட்டும், அதுவும் கொட்டை விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும். “மீன் எங்கே?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. மீன் இருக்கிறது, நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில். முதுகின் நிழல்தான் தெரியும். அதன் உடம்பில் உள்ள புள்ளிகள் அது தின்ற கொட்டைகளின் கணக்கு என்பார்கள். நான் புள்ளியெல்லாம் பொறுமையாக வரைந்தேன், ஒன்றுகூடத் தெரியவில்லை. போகட்டும்.

பனிமூட்டம் இந்தக் கதைகளில் வெறும் வானிலை அல்ல. தெய்வ குலத்தார் மனிதர் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும் போர்வை. அதனால் அதை விட மனமில்லை. காட்சி முழுவதையும் ஒரு பெட்டிக்குள் வைத்து பிரின்சிபிள்டு வால்யூம் (பனி, புகை போன்றவற்றுக்கான ஷேடர்) கொடுத்தேன், அடர்த்தி 0.2. வெள்ளைச் சுவர்தான் வந்தது. அடர்த்தியையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும்: என் காட்சியின் ஆழம் 20 மீட்டர், பெருக்கினால் 4, அந்த எண் ஏற ஏற ஒளி மடங்கு மடங்காகக் குறையும், எனவே கடைசி மரத்திலிருந்து வரும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட கேமராவைச் சேராது. 0.015-இல் நின்றேன், நான்கில் மூன்று பங்கு வந்துவிடும். எதிர்ப்பக்க வெயிலுக்காக, ஒளி எந்தப் பக்கம் சிதறும் என்பதைச் சொல்லும் அனிசோட்ரோபி 0.6.

ஆனால் 11 நிமிட ரெண்டர் 48 நிமிடமானது. சாம்பிளை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) குறைத்தால், புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்சர் பாசியை மெழுகாக உருக்கிவிட்டது. பெட்டியைச் சுருக்கி ஊற்றுக்குப் பின்னால் மட்டும் வைத்தேன். முன்பக்கப் பாசி தப்பியது, நேரமும் 26 நிமிடத்துக்கு இறங்கியது. பனி ஓர் எல்லைக்கோடு போல நிற்பதும் கதைக்கு ஒத்துவந்தது.

ஒரு கல் மட்டும்

சுழிக்கல் போன இடம் காலியாக இருந்ததால் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து பொறித்த கல் ஒன்று வைத்தேன். கல்லின் விளிம்பையே கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் வெட்டும் கீறல்கள்தான் எழுத்து. அடிப்படை எழுத்துகள் 20. எஞ்சியிருக்கும் கற்கள் ஏறத்தாழ 400. மந்திரம் ஏதாவது பொறிக்கலாம் என்று பார்த்தால், கற்களில் பெரும்பாலும் இருப்பது இன்னார் மகன் இன்னார் என்ற பெயர்தான். ஆகவே ஒரே ஓர் எழுத்து: கோல். ஹேசலுக்கான ஐரிஷ் சொல் அதுவே. விளிம்பின் ஒரு பக்கம் நான்கு கீறல், முடிந்தது. நான் அதை வலப்பக்கம் வெட்டியிருந்தேன். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய எழுத்து என்பதால், வலப்பக்கம் நான்கு என்றால் அது ‘சால்’, வில்லோ மரம். மிரர் செய்து இடப்பக்கம் கொண்டுவந்தேன். இப்போது ஹேசல்.

கடைசி ரெண்டருக்கு முன் மரங்களை எண்ணினேன். எட்டுதான் தெரிந்தன. ஒன்பதாவது கேமராவுக்குப் பின்னால் நிற்கிறது. ஊற்றைச் சுற்றி வட்டமாக வைத்தால் அப்படித்தான் ஆகும். லென்ஸை 35 மி.மீ.-இலிருந்து அகலமான 24-க்கு மாற்றினேன், ஓக் எல்லாம் வெளியே சரிந்தது. கேமராவைப் பின்னால் நகர்த்தினால் புதர் முகத்தில் அடித்தது. பழைய இடத்துக்கே திரும்பி, சும்மா ஒரு சோதனை ரெண்டர் போட்டேன். நீரின் கீழ்விளிம்பில், வளையங்களுக்கு இடையில், கேமராவின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை தலைகீழாக, குஞ்சமும் கொட்டையுமாகத் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டு 1200 சாம்பிளில் ரெண்டரைத் தட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.