கறை படிந்த பற்களுக்கும் ஒரு கதை வேண்டும்

எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களுக்கு, சிரிப்பு வந்ததும் துப்பட்டா நுனியை வாய்க்குக் கொண்டுபோகும் மாணவிகளைத் தெரியாமல் இருக்காது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில், நிலைப்பற்கள் உருவாகும் சிறுவயதிலேயே அந்த நீரைக் குடித்துவிட்டால் எனாமலில் பழுப்புக் கறை ஏறிவிடும். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதால் காவிரி நீர் வந்தது பெரும் ஆறுதல்தான், ஆனால் "பல்லே விளக்க மாட்டியா?" என்ற கேலி இன்னும் நின்றபாடில்லை.

ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' (2012) நாவலை வகுப்பில் தமிழில் சொன்னேன். முகத்தோற்றத்தில் வேறுபட்டுப் பிறந்த ஆகஸ்ட், ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகிறான். அவன் மட்டுமல்லாமல் அக்காவும் நண்பர்களும் தங்கள் பக்கத்தைச் சொல்வதும், மற்றவர்களோடு ஒத்துப்போவதற்காக நண்பன் ஜாக்கே அவனை இழிவாகப் பேசிவிடுவதும் இந்நாவலின் உண்மையான பலம் என்பேன், ஏனெனில் கேலி செய்பவரைவிட, அவரோடு சேர்ந்து சிரிப்பவரே அதிகம் காயப்படுத்துகிறார். முடிவில் ஆகஸ்டுக்குப் பதக்கம் கிடைக்கிறது.

"மெடல் வாங்கலைன்னா அவன்கூடப் பேச மாட்டாங்களா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

எதையும் வெல்லாத, பழுப்புப் பற்களுள்ள பாலக்கோட்டுப் பெண்ணொருத்தி தன் குரலில் பேசும் இளையோர் நாவலைத்தான் நான் தமிழில் படிக்க விரும்புகிறேன். அதில் அவளுடைய தோழிக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.