வில்லி லோமனும் அந்த இருபதாயிரம் டாலரும்

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தைப் பாடமாகப் படிப்பவர்களைச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி, வில்லி லோமனைத் துன்பியல் நாயகன் என்று சொல்லலாமா என்பதுதான். 63 வயதில் மாதிரிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிற ஒரு சேல்ஸ்மேனை, பழைய துன்பியல் நாடகங்களின் அரசர்களான ஈடிபஸ், லியர் வரிசையில் எப்படி உட்கார வைப்பது? நாடகம் மேடையேறிய 1949-லேயே மில்லர் இதற்கு ஒரு கட்டுரையில் பதில் சொல்லிவிட்டார்: அரசர்களைப் போலவே சாதாரண மனிதனும் துன்பியலுக்கு உரியவன்தான். எனக்கு அது போதும். அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருந்தால் நாடகத்துக்குள் போகவே முடியாது.

உள்ளே போக நல்ல வழி, ஹோவர்ட் காட்சி. முதலாளியின் மகன், வில்லியைவிட ரொம்பச் சின்னவன், புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் மகள் விசிலடிப்பதையும் மகன் மாநிலத் தலைநகரங்களை வரிசையாக ஒப்பிப்பதையும் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறான், வில்லி வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறார். பயணம் இனி முடியாது, நியூயார்க்கிலேயே ஒரு வேலை கொடு என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். வாரத்துக்கு 65 டாலர் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் 50. அப்புறம் 40 இருந்தால்கூடப் போதும். இந்த மூன்று எண்களையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், அந்த மனிதர் நம் கண் முன்னாலேயே குறுகிக்கொண்டே போவது தெரியும். கடைசியில் இருந்த வேலையும் போய்விடுகிறது.

மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் வீட்டுக்குள் கதவு வழியாகத்தான் வருவார்கள், கடந்த காலம் வந்துவிட்டால் இல்லாத சுவர்களைத் தாண்டி நேராக முன்மேடைக்கு நடந்து வருவார்கள். இதை வெறும் 'ஃப்ளாஷ்பேக்' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் வில்லி எதையும் நிதானமாக நினைத்துப் பார்ப்பதில்லை, பழசு தானாக அவர்மேல் வந்து விழுகிறது, எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன அண்ணன் பென் வந்து நிற்கிறார். மில்லர் முதலில் யோசித்த தலைப்பே அவன் தலைக்குள் நடப்பது என்ற பொருளில்தான் இருந்தது.

ஆனால் நாடகத்தின் உயிர், மூத்த மகன் பிஃப் அப்பாவிடம் உண்மையைப் போட்டு உடைக்கிற இடத்தில் இருக்கிறது. அப்பா தற்கொலைக்கென்று மறைத்து வைத்திருந்த ரப்பர் குழாயை அவர் முன்னால் வைக்கிறான். நான் ஒன்றுமே இல்லாதவன், என்னைப் பற்றிய அந்தக் கனவை எரித்துவிடுங்கள் என்று கெஞ்சி, அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். வில்லியின் காதில் விழுவது வேறு: பிஃப்புக்கு என்னைப் பிடித்திருக்கிறது! பாஸ்டன் ஹோட்டல் அறையில் வேறொரு பெண்ணோடு அப்பாவைப் பார்த்த நாளிலிருந்து விலகிப்போன பிள்ளை, இப்போது தனக்காக அழுகிறான். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட அன்பாக நிலைப்பதில்லை, உடனே பணமாக மாறிவிடுகிறது. இவன் பெரிய ஆளாக வருவான், கையில் 20,000 டாலர் இன்ஷூரன்ஸ் பணம் இருந்தால் எப்படி இருப்பான்! வேலை போனது, கடன், அவமானம் எல்லாம் காரை மோதிச் சாகும் முடிவை நோக்கி அவரைத் தள்ளியவைதான், ஆனால் கடைசியாகச் சாவியை எடுக்க வைத்தது மகனின் கண்ணீர். லோமன் குடும்பத்தில் பாசத்தைக் காட்ட வேறு வழியை யாருமே கற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பணம் வந்ததா? நாடகம் சொல்வதில்லை. முதல் அங்கத்திலேயே, பழைய கார் விபத்துகள் தற்செயலானவை இல்லை என்று இன்ஷூரன்ஸ் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதை வில்லியின் மனைவி லிண்டா மகன்களிடம் சொல்லிவிடுகிறாள், பணம் தராமல் போகலாம் என்று பென்னும் எச்சரிக்கிறார். கல்லறைக் காட்சியில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அங்கே பேசுவது இளையவன் ஹாப்பி, அப்பாவின் கனவு நல்ல கனவுதான், அதை நான் ஜெயித்துக் காட்டுகிறேன் என்கிறான். ஹோவர்ட்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் எனக்கு இவன்மேல்தான் வருகிறது.