ஏ.எம்.சி. கிளினிக்கல்: மருத்துவம் தெரிந்தும் தேறாதவர்களுக்கு

வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் பணிபுரிவதற்காக எழுதும் ஏ.எம்.சி. (ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சில்) தேர்வின் கிளினிக்கல் பகுதி, அதாவது செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். இந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனெனில் இத்தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களில் பலர் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 16 ஸ்டேஷன்கள் (பெரும்பாலும் நோயாளியாக நடிப்பவரைச் சந்திக்கும் அறைகள்), மதிப்பெண் உள்ளவை 14, தேறுவதற்கு 9, வாசலில் கேள்வியைப் படிக்க 2 நிமிடம், உள்ளே 8 நிமிடம் என்ற கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. தேர்வில் வந்தவற்றை வெளியே சொல்வதில்லை என்று உறுதி தந்திருப்பதால், கீழே உள்ளவை அனைத்தும் பயிற்சியின்போதும் இங்குள்ள மருத்துவமனையில் பார்வையாளராக நின்றபோதும் கற்றவை மட்டுமே.

இதற்கு முந்தைய கட்டமான எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும்) தேர்வின் 150 கேள்விகளைத் தாண்டி வந்தவரிடம் மருத்துவ அறிவு போதுமான அளவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இங்கே பார்க்கப்படுவது, ஓர் ஆஸ்திரேலியரின் எதிரில் உட்கார்ந்து, அதிகாரம் காட்டாமலும் குழையாமலும் அவரோடு பேச உங்களுக்கு வருமா என்பதே. எழுபது வயது முதியவர்கூடத் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்படிதான் பெரும்பாலும் சொல்வார். நம் நாக்கு அதற்கு எளிதில் வளையாது. உங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி, எப்படி அழைக்கலாம் என்று கேட்டு, அவர் சொன்ன பெயரையே கடைசி வரை பயன்படுத்துங்கள். 'சார்', 'மேடம்' என்று இடையில் நழுவினால் மதிப்பெண் போகாது; ஆனால் எதிரில் இருப்பவர் சற்றே விலகி உட்கார்வதை நீங்களே உணர்வீர்கள்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவது மௌனத்தைத்தான். முதல் கேள்வியை விரிந்த கேள்வியாகக் கேட்டுவிட்டு, அவர் தாமாக முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். எட்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தைத் தூக்கிக் கொடுப்பதா என்று பதறுவீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஹிஸ்டரியின் (நோய் வரலாற்றின்) பாதி தானாக வந்துவிடும். நான் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவன், ஆகவே இது எனக்கு எளிதாக இருந்தது என்று என் ஸ்டடி பார்ட்னர் சொல்வார். சரளமாகப் பேசுபவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம் என்பது என் பதில். ஒரு பயிற்சி வகுப்பில் பெரும் தொகை வாங்கிக்கொண்டு அனுதாப வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதன் விளைவாக, நோயாளி தம் கவலையைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் அனுதாபம் புறப்பட்டுவிடும்.

இந்நாட்டவர் துன்பத்தைக் குறைத்துச் சொல்பவர்கள், அதிலும் கிராமப்புற விவசாயிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மார்பு வலியோடு வந்தவரும் 'பரவாயில்லை, மனைவி போகச் சொன்னாள், வந்தேன்' என்பார். அவரிடம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு நிறுத்தாமல், வழக்கமாகச் செய்கிற எந்த வேலையை இந்த வாரம் செய்ய முடியவில்லை என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

நம் வார்டுகளில் புற்றுநோய் என்ற செய்தியை மகனைத் தனியே அழைத்து முதலில் சொல்கிறோம், அவரும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். இங்கே தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய நிலையில் உள்ள நோயாளியின் சம்மதமின்றி மகனிடம் பேசுவது ரகசியக் காப்பை மீறுவதாகும். அதேபோல் சிகிச்சையை விதிக்காமல் வழிகளை எடுத்துரைத்து, அவருக்கு எது ஒத்துவரும் என்று கேட்க வேண்டும்; அவர் மறுத்தால் முகம் மாறாமல் காரணத்தைக் கேட்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

- கணவரா மனைவியா என்று ஊகிக்காமல் 'பார்ட்னர்' என்றே கேளுங்கள். 2017 முதல் ஒருபாலினத் திருமணம் இங்கே சட்டபூர்வமானது.
- மதுவின் அளவை ஸ்டாண்டர்ட் டிரிங்க் கணக்கில் கேளுங்கள். ஒன்று என்பது 10 கிராம் ஆல்கஹால். ஆரோக்கியமான பெரியவர்களுக்கான வழிகாட்டுதல் வாரத்துக்கு 10, ஒரே நாளில் 4 என்ற வரம்பைத் தாண்ட வேண்டாம் என்கிறது. பதிலைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தாதீர்கள்.
- அபாரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினரா (இந்நாட்டின் பூர்வகுடியினரா) என்ற கேள்வியைத் தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்கக் கூடாது, எல்லோரிடமும் கேட்க வேண்டும். அச்சமூகத்தினர் சிலர் கண்ணோடு கண் நோக்காமல் பேசுவது அவர்கள் பழக்கத்தில் மரியாதையாகவே இருக்கலாம். அதை மனச்சோர்வின் அறிகுறி என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

மூத்த மருத்துவரிடம் பேசும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள், தேர்வுக்குப் பிறகு தினமும் தேவைப்படும். ஒரு நோயாளியைப் பற்றி எடுத்துச் சொல்லும் ஐ.எஸ்.பி.ஏ.ஆர். வரிசையில் (அறிமுகம், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை) முதல் நான்கு எழுத்துகளை நம்மவர்கள் ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள். கடைசி எழுத்தில், அதாவது என்ன வேண்டும் என்று கேட்கும் இடத்தில், குரல் தாழ்ந்துவிடும். இரவு இரண்டு மணியானாலும், கன்சல்டன்டைப் பெயர் சொல்லி அழைத்து, 'நீங்கள் வந்து பார்க்க வேண்டும்' என்று நேராகச் சொல்வதை இங்கே யாரும் துடுக்காக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டு, காலையில் நோயாளி மோசமாகியிருந்தால்தான் ஏன் அழைக்கவில்லை என்று கேட்பார்கள். வாயால் சொல்லிப் பழகுங்கள். ரெக்கால் தாள்களை (முன்பு எழுதியவர்கள் நினைவிலிருந்து தொகுத்த கேள்விகளை) மூடி வைத்துவிட்டு, மருத்துவரல்லாத ஒரு நண்பரை நோயாளியாக உட்கார வைத்து, கடிகாரத்தோடு செய்து பாருங்கள்.